இஞ்செக்டர் மாட்யூலில் ரெசிஸ்டர் மாற்றுவது: அளவு பார்ப்பதிலிருந்து ஈயம் வைப்பது வரை

"அண்ணே, காலையில அரை மணி நேரம் செல்ஃப் அடிச்சாத்தான் கிளம்புது. ஒரு தடவை சூடாயிட்டா ஒரு பிரச்சினையும் இல்லை." டீசல் ட்ரக் ஓட்டுகிறவர்கள், இஞ்செக்டர்களுக்குக் கரண்ட் கொடுக்கும் எலக்ட்ரானிக் பெட்டியான மாட்யூலைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வரும்போது பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். அதற்குள் இஞ்செக்டர்களைக் கழற்றிச் சோதித்திருப்பார்கள், ஃபில்டரை மாற்றியிருப்பார்கள். மாட்யூலின் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு பெரிய ரெசிஸ்டரின் ஓரத்தில் ஈயம் (அதைப் போர்டில் ஒட்டும் சால்டர்) வெடித்திருக்கும், இல்லை அதன் முதுகு பழுப்பேறிப் போயிருக்கும்.

பழுப்பேறிய ரெசிஸ்டரை மாற்றுவது பத்து நிமிட வேலை. எதைப் போடுவது, அது ஏன் கருகியது என்று கண்டுபிடிக்கத்தான் நேரம் ஆகும். ரெசிஸ்டர் தானாகக் கருகுவது அபூர்வம், ஏதோ ஒன்று அதைக் கருக்கியிருக்கும். இதைக் கேட்காமல் புதியதைப் போட்டு அனுப்பிய மாட்யூல்கள் ஆரம்ப நாட்களில் என்னிடமே திரும்பி வந்திருக்கின்றன.

முதலில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று பார்ப்போம். பேட்டரியின் 12 வோல்ட்டை வைத்து இஞ்செக்டர் காயிலை வேண்டிய வேகத்தில் இழுக்க முடியாது. காயிலில் கரண்ட் ஏற நேரம் எடுக்கும், இஞ்செக்டரோ மில்லி செகண்டுக்குள் திறந்து மூட வேண்டும். அதனால் மாட்யூல் முதலில் வோல்ட்டேஜை ஏற்றிக்கொள்கிறது. 2003 முதல் 2007 வரை வந்த ஃபோர்டு 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் எஞ்சினில் இது 48 வோல்ட். காமன் ரெயில் வண்டிகளில் இதைவிட அதிகமாகவும் இருக்கும். பியேசோ இஞ்செக்டர் என்றால் நூறு வோல்ட்டைத் தாண்டிவிடும். வேலை நடக்கும் விதம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மாஸ்ஃபெட் என்ற எலக்ட்ரானிக் சுவிட்ச் ஆன் ஆனதும், மாட்யூலுக்குள்ளேயே இருக்கும் ஒரு சுருளில் கரண்ட் ஏறுகிறது. அது ஆஃப் ஆனதும் சுருளில் சேர்ந்த ஆற்றல் டையோடு வழியாகப் பெரிய கெபாசிட்டருக்குப் போகிறது. விநாடிக்குப் பல ஆயிரம் முறை இது நடக்கிறது.

இந்தச் சுற்றில் ரெசிஸ்டர்கள் நாலு வேலை பார்க்கின்றன. எந்த ரெசிஸ்டர் எந்த வேலையில் இருக்கிறது என்று தெரியாமல் அதை மாற்றப் போகாதீர்கள்.

கரண்டை அளப்பது ஷன்ட். 0.010 ஓம் போன்ற மிகச் சிறிய அளவு, உடம்பு பெரிதாக இருக்கும். வெளியே வரும் 48 வோல்ட்டைப் பங்கிட்டு, மாஸ்ஃபெட்டை இயக்கும் கன்ட்ரோல் ஐ.சி. என்ற சிப்புக்குச் சொல்வது ஃபீட்பேக் ஜோடி. மாஸ்ஃபெட்டை ஆன், ஆஃப் செய்யும் கேட் காலில் சில ஓம்களில் ஒன்று நிற்கும். சாவியை அணைத்த பிறகு கெபாசிட்டரைக் காலி செய்ய இன்னொன்று.

மூடியைத் திறந்தவுடன் போர்டில் கை வைக்காதீர்கள். கெபாசிட்டரில் சார்ஜ் இருக்கலாம். ஒரு கிலோ ஓம், 5 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டரின் இரண்டு காலிலும் வயர் வைத்து, நுனி மட்டும் தெரிய ஸ்லீவ் போட்டு வைத்திருக்கிறேன். அதை கெபாசிட்டரின் இரு முனையிலும் பத்து விநாடி பிடித்தால் போதும். 1000 மைக்ரோ ஃபேரட் என்றாலும் ஐந்து விநாடியில் ஏறக்குறைய காலியாகிவிடும். பிறகு மீட்டர் வைத்து ஒரு வோல்ட்டுக்குக் கீழே வந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூட்ரைவரால் ஷார்ட் செய்து காலி செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பொறி கெபாசிட்டருக்கும் நல்லதில்லை, பக்கத்திலிருக்கும் ஐ.சி.க்கும் நல்லதில்லை.

போர்டின் மேல் கோட்டிங் இருக்கும். அக்ரிலிக் என்றால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலோ அதற்கான கரைப்பானோ மென்மையாக்கிவிடும். சிலிக்கான் ஜெல் என்றால் மூங்கில் குச்சியைச் சீவி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுக்க வேண்டும். உலோகக் கத்தி வேண்டாம், டிராக்கை (போர்டின் செம்புக் கோட்டை) சீவிவிடும். அயர்ன் நுனியால் கோட்டிங்கைச் சுட்டு எரிப்பதும் வேண்டாம். யூரிதேன் வகைக் கோட்டிங் எரிந்து வரும் புகை நுரையீரலைக் கெடுக்கும்.

இனி பழுதைப் பார்ப்பது. பத்து மடங்கு காட்டும் லூப்பில், வெளிச்சத்தை மேலிருந்து விடாமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். நல்ல ஈயத்தின் சரிவு வழுவழுவென்று பேடிலிருந்து (பார்ட் உட்காரும் செம்புத் திட்டிலிருந்து) ரெசிஸ்டரின் பக்கத்துக்கு ஏறும். வெடித்த இடத்தில் ரெசிஸ்டரின் அடியை ஒட்டி மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு தெரியும். அதன் மேல் ஈயம் சாம்பல் பூத்தது போலச் சொரசொரப்பாக இருக்கும். பெரிய ரெசிஸ்டர்களில்தான் இது அதிகம். ரெசிஸ்டரின் உடம்பு பீங்கான், சூட்டில் கொஞ்சமாகத்தான் விரியும். அடியில் இருக்கும் ஃபைபர் போர்டு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விரியும். எஞ்சின் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் நடுவில் மாட்டிக்கொண்ட ஈயம்தான் இழுபடுகிறது. உடம்பு நீளமாக இருந்தால் இழுப்பும் அதிகம். சூட்டில் எல்லாம் விரிந்து வெடிப்பு ஒட்டிக்கொள்ளும், குளிரில் விலகும். "சூடாயிட்டா ஓடுது" என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ரெசிஸ்டர் நன்றாக இருந்து ஈயம் மட்டும் வெடித்திருந்தால், பழைய ஈயத்தை எடுத்துப் புது ஈயம் வைத்தால் போதும், ரெசிஸ்டரை மாற்ற வேண்டியதில்லை.

மீட்டர் வைத்துப் பார்க்கும்போது ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். போர்டில் இருக்கும்போதே அளந்தால், சுற்றியுள்ள மற்ற பாதைகளும் சேர்ந்துகொள்வதால் அளவு குறைவாகக் காட்டலாம். கெபாசிட்டர் காலியாகி, மீட்டர் எண் ஒரு இடத்தில் நின்ற பிறகும் எழுதியிருப்பதைவிட அதிகமாகக் காட்டினால் அந்த ரெசிஸ்டர் போய்விட்டது. குறைவாகக் காட்டினால் எதையும் முடிவு செய்யாமல் ஒரு முனையைத் தூக்கி அளந்து பாருங்கள்.

ஷன்ட்டைச் சாதாரண மல்டிமீட்டரால் அளக்கவே முடியாது. மீட்டர் வயரே 0.2, 0.3 ஓம் இருக்கும். அதில் 0.010 ஓம் எங்கே தெரியப்போகிறது? பவர் சப்ளையில் கரண்ட்டைச் சரியாக 1 ஆம்பியருக்கு வைத்து ஷன்ட் வழியாக விடுங்கள். மீட்டரை மில்லிவோல்ட்டில் போட்டு, கரண்ட் கொடுக்கும் வயரில் வைக்காமல் ஷன்ட்டின் இரு முனையிலேயே நேராகத் தொட்டுப் பாருங்கள். 10 மில்லிவோல்ட் காட்டினால் 0.010 ஓம். 13 காட்டினால் உள்ளே ஏதோ விரிசல், அல்லது நீங்கள் தொடும் இடத்துக்கும் ரெசிஸ்டருக்கும் நடுவில் ஈயம் சரியில்லை.

எழுத்துகளைப் படிப்பதிலும் ஏமாறலாம். 103 என்றால் 10 கிலோ ஓம், 1002 என்றாலும் அதேதான். அளவு ஒரு சதவீதத்துக்கு மேல் விலகாத சின்ன ரெசிஸ்டர்களில் 01சி என்று இருந்தால் அதுவும் 10 கிலோதான். அங்கே முதல் இரண்டு இலக்கம் ஒரு பட்டியலின் வரிசை எண், கடைசி எழுத்து பெருக்கல். ஆர் என்ற எழுத்து இருந்தால் அது புள்ளி: 4ஆர்7 என்பது 4.7 ஓம், ஆர்010 என்பது 0.010 ஓம். எழுத்து கருகிவிட்டால் ஊகிக்காதீர்கள். அதே போர்டில் அதே வேலை பார்க்கும் இன்னொன்று பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் அதே பார்ட் எண்ணுள்ள இன்னொரு மாட்யூலைத் தேடிப் பாருங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது

ஷன்ட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நான் தவறு செய்தது அதில்தான். ஒரு மாட்யூலில் 0.010 ஓம் கருகியிருந்தது, என்னிடம் இருந்தது 0.015. ஐந்து மில்லி ஓம் தானே, என்ன ஆகிவிடும் என்று போட்டுவிட்டேன். மேசையில் 48 வோல்ட் கச்சிதமாக வந்தது. வண்டியில் ஐடிலிலும் சரியாக இருந்தது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் வோல்ட்டேஜ் 41-க்கு இறங்கி, எஞ்சின் தட்டுத் தடுமாற ஆரம்பித்தது. காரணத்தைப் பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஷன்ட் ஒன்றரை மடங்கு ஆனதால், கன்ட்ரோல் ஐ.சி. மூன்றில் இரண்டு பங்கு கரண்டிலேயே "போதும்" என்று மாஸ்ஃபெட்டை அணைத்துவிடுகிறது. சுருளில் சேரும் ஆற்றல் கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் பழையதில் 44 சதவீதம்தான் சேர்கிறது. ஐடிலுக்கு அது போதும், வேகத்துக்குப் போதாது.

எதிர்ப்பக்கத் தவறு இதைவிட மோசம். ஷன்ட் சூடாகிறதே என்று மேலே இன்னொன்றைப் பேரலலாக வைத்தால் அளவு பாதியாகிவிடும், ஐ.சி. இரண்டு மடங்கு கரண்டை அனுமதிக்கும். சுருள் நிறைந்துபோய் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகிவிடும். வயரால் ஜம்பர் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பேரலலாக வைத்தே ஆக வேண்டும் என்றால் 0.020 ஓம் இரண்டு வைக்கலாம், அதற்குப் போர்டில் இடம் இருந்தால்.

வாட் கணக்கு: கரண்டின் வர்க்கத்தை ஓமால் பெருக்குங்கள். ஆர்.எம்.எஸ். கரண்ட் (சூட்டைக் கணக்கிட எடுக்கும் சராசரி) 8 ஆம்பியர் என்றால் 64 பெருக்கல் 0.010, அதாவது 0.64 வாட். 1 வாட் போதும் என்று தோன்றும். ஆனால் பல சிப் ரெசிஸ்டர்களில் எழுதியிருக்கும் வாட் 70 டிகிரி வரைக்கும்தான். அதற்கு மேல் குறைந்துகொண்டே போய் 155 டிகிரியில் பூஜ்யமாகும். எஞ்சின் பக்கத்தில் போர்டு 125 டிகிரிக்குப் போனால் 1 வாட் ரெசிஸ்டர் தாங்குவது 0.35 வாட்தான். அதனால் அந்த இடத்தில் 2 அல்லது 3 வாட் உலோகக் கலவை ஷன்ட்தான் போடுவேன், 170 டிகிரி வரை தாங்கும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. குறைந்த ஓமில் வரும் மலிவான தடிப் படல வகை சூட்டில் அளவு மாறிவிடும், ஷன்ட் வேலைக்கு அது வேண்டாம். டேட்டாஷீட்டில் ஏ.இ.சி. க்யூ200 என்று இருக்கிறதா பாருங்கள். அது வாகனங்களுக்கான சோதனை. பார்ட் வாங்கும்போது நான் விட்டுக்கொடுக்காதது இது ஒன்றுதான்.

ஃபீட்பேக் ஜோடியில் வாட் முக்கியமில்லை, துல்லியம்தான் முக்கியம். ஓர் உதாரணம்: ஐ.சி. ஒப்பிட்டுப் பார்க்கும் உள் அளவு 2.5 வோல்ட், மேலே 182 கிலோ, கீழே 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 192 கிலோ, கீழே இருப்பதைப் போல 19.2 மடங்கு. 2.5-ஐ 19.2-ஆல் பெருக்கினால் 48 வோல்ட். இரண்டும் ஒரு சதவீத ரெசிஸ்டர்கள் என்றால் மிக மோசமான நிலையிலும் 47.1-க்கும் 48.9-க்கும் நடுவில் நிற்கும். ஐந்து சதவீதம் போட்டால் 43.7 வரை இறங்கலாம், 52.8 வரை ஏறலாம். மேலே இருக்கும் ரெசிஸ்டர் முழுவதும் ஓபன் ஆனால் ஐ.சி.க்கு வோல்ட்டேஜே தெரியாது, தனிப் பாதுகாப்பு இல்லையென்றால் ஏதாவது வெடிக்கும் வரை ஏற்றிக்கொண்டே போகும். இந்த ரெசிஸ்டரை வேண்டுமென்றே மாற்றி வோல்ட்டேஜை ஏற்றிக் கொடுக்கச் சொல்லி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் செய்வதில்லை. கெபாசிட்டர், மாஸ்ஃபெட், இஞ்செக்டர் காயில் எல்லாம் பழைய வோல்ட்டேஜை மனதில் வைத்துத் தேர்ந்தெடுத்தவை. உடல் அளவையும் (அதற்கு நாலு இலக்கக் குறியீடு உண்டு) கவனியுங்கள்: 0603 பொதுவாக 75 வோல்ட் வரைதான், சில வகை 50 தான். 0805 என்றால் 150, 1206 என்றால் 200.

காலி செய்யும் ரெசிஸ்டருக்கு ஒரு கணக்கு போதும். 48 வோல்ட்டில் 10 கிலோ 0.23 வாட் எடுக்கும். கால் வாட் 1206 போட்டால் விளிம்பில் நிற்கும், அரை வாட்டாகப் போடுங்கள்.

கேட் ரெசிஸ்டர் கருகியிருந்தால் அங்கேயே நின்று மாஸ்ஃபெட்டைச் சோதியுங்கள். பெரும்பாலும் மாஸ்ஃபெட் உள்ளே ஷார்ட் ஆகும்போதுதான் அந்தச் சின்ன ரெசிஸ்டர் பலியாகும். அதோடு ஐ.சி.யின் டிரைவர் காலும் போயிருக்கலாம்.

ஈயம் வைப்பது

ஷன்ட் உட்கார்ந்திருக்கும் செம்பு அகலமானது, அயர்னின் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். அயர்னை 450 டிகிரிக்கு ஏற்றி அழுத்திப் பிடித்தால் பேடே உரிந்து வரும். அதற்குப் பதிலாகப் போர்டையே கீழிருந்து 100 முதல் 120 டிகிரி வரை நிதானமாகச் சூடாக்குங்கள். அப்புறம் 350 டிகிரியில், 3 மில்லிமீட்டர் அகலமான உளி நுனி போதும். பழைய சால்டர், ஈயம் கலக்காத வகையாக இருந்தால் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதன் மேல் ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாகப் பிடிக்க உதவும் பசை) தடவி, 63/37 ஈயத்தை (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) கொஞ்சம் கலந்தால் சீக்கிரம் இளகும். இரண்டு முனையும் ஒரே நேரத்தில் இளகிய பிறகு ட்வீசரால் தள்ளிவிடுங்கள். இழுக்காதீர்கள். தானாக வழுக்கி வரவில்லை என்றால் இன்னும் இளகவில்லை என்று அர்த்தம்.

பார்ட்டைக் கழற்ற 138 டிகிரியில் உருகும் பிஸ்மத் கலவை கிடைக்கிறது. கழற்றுவது சுலபம்தான், ஆனால் அந்தக் கலவையில் கொஞ்சம் பேடில் மிஞ்சி, அதன் மேல் நீங்கள் 63/37 வைத்தால், பிஸ்மத், ஈயம், வெள்ளீயம் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 96 டிகிரியிலேயே உருகும் கலவை உண்டாகும். எஞ்சின் சூட்டில் ரெசிஸ்டர் நகர்ந்துவிடும். அதனால் இந்த வேலையில் நான் அதைத் தொடுவதே இல்லை.

பேடுகளை விக் (ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல்) வைத்துச் சுத்தமாக உறிஞ்சி, ஆல்கஹாலால் துடைத்து, லூப்பில் ஒரு தடவை பாருங்கள். பேட் சமமாக, வெள்ளியாக, விளிம்பு தூக்காமல் இருக்க வேண்டும். ஒரு பேடில் மட்டும் மெல்லிய ஈயம் பூசி, ஃப்ளக்ஸ் வைத்து, ரெசிஸ்டரை ட்வீசரால் பிடித்து ஒட்டுங்கள். ஷன்ட் என்றால் இரு பக்கமும் சரிசமமாக, நடுவில் உட்கார வேண்டும். கரண்டை அளக்கும் மெல்லிய டிராக்குகள் பேடின் உள் விளிம்பிலிருந்துதான் கிளம்பும். ரெசிஸ்டர் ஒரு பக்கம் தள்ளி உட்கார்ந்தால், ஈயத்தின் ஓமும் அளவில் சேர்ந்துகொள்ளும். 0.010 ஓமில் அரை மில்லி ஓம் சேர்ந்தால் ஐந்து சதவீதம் போயிற்று.

அடுத்த பக்கத்தில் நுனியைப் பேடிலும் ரெசிஸ்டரின் பக்கவாட்டிலும் சேர்த்து வைத்து, ஈயத்தைச் சந்திப்பில் ஊட்டுங்கள். இரண்டு விநாடி ஒன்றும் நடக்காது, உருண்டையாக நிற்கும். பிறகு திடீரென்று மங்கல் மறைந்து, கண்ணாடி போல மின்னி, ரெசிஸ்டருக்கு அடியில் ஓடிப் புகும். அந்தக் கணத்துக்கு அப்புறம் ஒரு விநாடி பொறுத்து நுனியை எடுங்கள். பிறகு முதலில் ஒட்டிய முனைக்குத் திரும்பி அதையும் இதே போல ஒழுங்காகச் செய்யுங்கள். ஆறும்வரை போர்டை அசைக்காதீர்கள், வாயால் ஊதவும் வேண்டாம். திடீர்க் குளிர் பீங்கானை விரிசல் விட வைக்கும்.

ஃப்ளக்ஸ் மிச்சத்தை ஆல்கஹாலும் பிரஷும் வைத்துக் கழுவி, காய்ந்த பிறகு ஷன்ட்டில் ஒரு ஆம்பியர் விட்டு மில்லிவோல்ட் பார்க்கும் அந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள். கோட்டிங்கை இப்போது போட வேண்டாம்.

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது பேட்டரியில் மாட்டாதீர்கள். பவர் சப்ளையை 12 வோல்ட், 1 ஆம்பியர் எல்லையில் வையுங்கள். சப்ளை இல்லாவிட்டால் 21 வாட் பல்பு ஒன்றை சீரிஸில் போடுங்கள். பல்பு ஒரு நொடி மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, உடனே அணைத்து மாஸ்ஃபெட்டையும் டையோடையும் பாருங்கள். எல்லாம் சரி என்றால் கோட்டிங் போட்டு, மாஸ்ஃபெட்டுக்கும் கூட்டுக்கும் நடுவே புது தெர்மல் பேஸ்ட் தடவி மூடுங்கள். மூடியின் ரப்பர் இறுகிப் போயிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம்: ஏன் கருகியது? நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் பேட்டரிதான். 48 வோல்ட் பக்கம் 100 வாட் வேண்டும், பெட்டியின் திறன் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி 12 வோல்ட்டில் நின்றால் 9.8 ஆம்பியர் இழுக்கும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9 வோல்ட்டுக்கு விழுந்தால் அதே வேலைக்கு 13 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ரெசிஸ்டரில் உண்டாகும் சூடு ஏறக்குறைய 1.8 மடங்கு. நோஞ்சான் பேட்டரியில் அரை மணி நேரம் செல்ஃப் அடிக்கிற ஒவ்வொரு காலையும் அந்த ஷன்ட்டைத்தான் வாட்டுகிறது. இரண்டு பேட்டரி உள்ள வண்டியில் இரண்டையும் பிரித்துத் தனித்தனியாக லோடு வைத்துச் சோதியுங்கள். ஒன்று மோசமாக இருந்தாலும் மற்றதையும் கவிழ்த்துவிடும். செல்ஃப் அடிக்கும்போது எஞ்சினுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அரை வோல்ட் விழுகிறதென்றால் எர்த் பட்டையைச் சுரண்டி மாட்டுங்கள். இஞ்செக்டர் வயரிங் எங்காவது இரும்பில் உரசித் தோல் போயிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். காயில்களின் ஓமை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு, தனித்து நிற்பதைக் கவனியுங்கள்.

கடைசிச் சோதனையை வண்டி வந்த அன்றே செய்ய முடியாது. ராத்திரி முழுவதும் ஆறவிட்டு, காலையில் மீட்டரை 48 வோல்ட் முனையில் கட்டிவிட்டு சாவியைத் திருப்புவேன். சாவி ஆனில் ஓர் எண், செல்ஃப் அடிக்கும்போது ஓர் எண், ஓடத் தொடங்கியதும் ஓர் எண், வேகம் கூட்டும்போது ஓர் எண், நான்கையும் மாட்யூலின் மூடியிலேயே மார்க்கரால் எழுதிவைக்கிறேன். 48 வோல்ட் பெட்டியில் எந்தக் கட்டத்திலும் 45-க்குக் கீழே போனால் அதை மறுபடி மேசைக்கு எடுத்துக்கொண்டு வருவேன். 47-க்குக் கீழே இறங்காமல் நின்றால் வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்வேன், பழைய பேட்டரியை மாற்றிய பிறகு.